மொட்டை மாடியின் மேல் ஒரு குடித்தனம்

சென்ற இதழில் மர அலமாரியில் கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். அவர்களுக்குக் கடைத் தெருவிலேயே பழைய வீடாம். கீழே மளிகைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் குடியிருக்கிறார்கள். "மொட்டை மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும். மேஸ்திரி தாராளமாய்க் கட்டலாம் என்கிறார். கட்டலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

சரியான ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்! போன வருஷம் பாதி நாள் நான் சமையல் கரண்டியை விட அளவு டேப்பைத்தான் அதிகம் கையில் பிடித்தேன். பத்தாவது வரை படித்தவள் நான். கட்டட சாஸ்திரமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் பட்டதைச் சொல்லலாமே.

எங்கள் வீடு கும்பகோணத்தில், பெரிய கடைத் தெருவை ஒட்டி. 18 அடி அகலம், 90 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். கீழே முன்பக்கம் பாத்திரக் கடை, பின்பக்கம் அவர்களுடைய சரக்கு அறை. மாடியில் நாங்கள். அதற்கு மேலே மொட்டை மாடி.

பெரியவனுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானதும் இடப் பிரச்னை வந்தது. இருப்பது இரண்டே அறை. ஒன்றில் மாமியார், அவருக்கு முழங்கால் வலி. இன்னொன்றில் நாங்கள். சின்னவன் கூடத்தில் படுப்பான். வருகிற பெண்ணை எங்கே வைப்பது? வெளியே வாடகைக்குப் போகலாம் என்றால் இவருக்கு மனசில்லை. "நம்ம தலைக்கு மேலேயே இடம் சும்மாக் கிடக்கு. அதுல ஒரு வீடு எடுத்துடலாம்" என்றார். முன்னாலிருந்து பின்னால் வரை 800 சதுர அடி. கூடம், இரண்டு படுக்கை அறை, சமையலறை. பெரியவன் காகிதத்தில் கோடு போட்டு, கட்டில் எங்கே, டி.வி. எங்கே என்றுகூட எழுதிவிட்டான்.

காண்ட்ராக்டர் ஒருவர் வந்தார். சுவரைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "பாறை மாதிரி இருக்கும்மா. இன்னும் மூணு மாடி தாங்கும்" என்றார். அவ்வளவுதான் பரீட்சை! முன்பணம் கொடுக்க இவர் பையில் கையை விட்டுவிட்டார்.

அப்போது மாமியார்தான் வாயைத் திறந்தார். "மாடியில நாலு பேரு வேகமா நடந்தா எங்க கட்டில்ல அதிருதே, அதுமேல வீடு நிக்குமா தம்பி?" என்று மகனைக் கேட்டார். காண்ட்ராக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜை அலமாரிக்கு மேலே விட்டத்தின் ஓரத்தில் மாவு மாதிரி பொடி உதிர்வதை நான் தினமும் துடைக்கிறேன். கரையான் பற்றிப் போன இதழில் அத்தனை எழுதினேனே, அந்த ஞானம் வந்ததே அந்தப் பொடியால்தான்.

முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை அழைத்து வந்தோம். சகோதரிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கட்டடப் படம் போடுகிறவர் வேறு, கட்டடம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடுகிறவர் வேறு. நமக்கு முதலில் வேண்டியவர் இரண்டாமவர். அவருக்குக் கொடுக்கிற பணத்தைத் தண்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர் வந்ததும் சுவரைத் தட்டவில்லை. "வீடு எப்பக் கட்டினது? யார் யார் எந்தெந்தப் பகுதியைக் கட்டினாங்க?" என்று மாமியாரிடம் உட்கார்ந்து கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, எங்களுடையது ஒரு வீடு இல்லை, இரண்டு வீடு என்று. முன்பக்கம் 60 அடி, மாமனாரின் அப்பா காலத்து மெட்ராஸ் ஒட்டு. பின்பக்கம் ஓடு போட்ட கட்டாக இருந்ததை இடித்துவிட்டு 1984-ல் மாமனார் கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார். பூச்சும் வெள்ளையும் அடித்த பிறகு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. இத்தனை வருஷமாய்க் குடித்தனம் பண்ணுகிறேன், எனக்கே வித்தியாசம் தெரியாது.

மெட்ராஸ் ஒட்டு என்றால் என்ன என்று இளம் சகோதரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போடுவார்கள். அதன் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, கோணல் வாட்டமாக, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து மரக் கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. நூறு வருஷம் ஆனாலும் வெயிலைக் கீழே விடாது. என் மாமியாரின் அறை சித்திரை மாதத்தில்கூட ஜில்லென்று இருக்கும். ஆனால் இந்தத் தளம் தன் சுமையையும், வடாம் காயப்போடுகிற நம் சுமையையும் தாங்கத்தான் செய்தது. அதன் மேல் ஒரு வீடு உட்கார வேண்டும் என்று யாரும் அன்றைக்கு நினைக்கவில்லை. கீழே இருப்பது செங்கல் சுவர், நடுவே தூணும் கிடையாது, கம்பியும் கிடையாது.

"2016 மகாமகத்துக்கு வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரும் இந்த மாடியிலதான் சார் படுத்தாங்க" என்று இவர் பெருமையாகச் சொன்னார். இன்ஜினீயர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். "தாங்கிச்சே, அது உங்க புண்ணியம். 2028-க்கு அப்படிப் படுக்க வைக்காதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை நான் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடி உயரத்தில் எழுப்பினால், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் சுமார் 400 கிலோ. 5 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம், சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 1 டன். நாம் பீரோவையும் கட்டிலையும்தான் பாரம் என்று நினைக்கிறோம். அவை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை, சுவரும் தளமும்தான் பாரம்! "நாங்க ரெண்டு பேருதானே சார் மேல இருக்கப் போறோம்" என்று பெரியவன் சொன்னது எவ்வளவு வேடிக்கை என்று அப்புறம்தான் அவனுக்கே புரிந்தது.

முன்பக்கம் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பின்பக்கத்தைப் பார்க்கலாம் என்றார். அங்கே 9 தூண்கள். மாடியில் ஒவ்வொரு தூணின் உச்சியிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் எப்போதாவது மாடி எடுப்போம் என்று மாமனார் விட்டு வைத்தது. அதன் தலையில் அந்தக் காலத்தில் சிறு மண்கலயம் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். நான் வந்தபோது கலயமும் இல்லை, ஒன்றுமில்லை. நாற்பது வருஷ மழையில் கம்பி முறுக்கு மாதிரிப் பொரிந்து போயிருந்தது. நான் அதில்தான் துணிக்கொடி கட்டியிருந்தேன்.

மாமனார் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவர். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். பழைய பத்திரிகைகளுக்கு அடியில் அந்த நோட்டு கிடைத்தது! சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, சித்தாளுக்கு எவ்வளவு கூலி, எல்லாம் மணி மணியாக எழுதியிருந்தார். "அஸ்திவாரக் குழி 5 அடி" என்றும் இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்ஜினீயர் நோட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லது. ஆனா தோண்டிப் பார்க்கணும்" என்றார்.

தோண்டுவதென்றால் பாத்திரக் கடைக்காரரின் சரக்கு அறையில் தோண்ட வேண்டும். குடமும் அண்டாவும் தவலையும் மலையாய்க் குவிந்திருக்கிற இடம். அவர் முணுமுணுத்தார், நியாயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்து, நானும் சின்னவனும் கூடமாட நின்று எடுத்து வைத்தோம். ஒரு தூணை ஒட்டிக் குழி வெட்டினார்கள். அஸ்திவாரம் 4 அடியிலேயே முடிந்துவிட்டது. 5 அடிக்குக் கூலி எழுதியிருக்கிறார் மாமனார். யாரோ அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். மாமியாரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை.

இன்ஜினீயர் மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். எங்கள் ஊர் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிற ஊர், மண் ஆற்று வண்டல். பிறகு தூண்களில் பூச்சை உரித்து, பேனா மாதிரியான ஒரு கருவியை வைத்து அழுத்தினார். உள்ளே இருக்கும் சுத்தி அடித்துத் திரும்பும் வேகத்தை வைத்து கான்கிரீட்டின் உறுதி ஓரளவு தெரியுமாம். பதினைந்து நாள் கழித்துக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பின்பக்கம் மட்டும் கட்டலாம். 380 சதுர அடி. சுவர், செங்கல்லில் கூடாது. தண்ணீரில் மிதக்கும் என்கிறார்களே, அந்த இலேசான கல்லில்தான் கட்ட வேண்டும். அதன் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். சுவர்கள் கீழே உள்ள உத்திரத்தின் மேலேயே வர வேண்டும், நம் இஷ்டத்துக்கு நடுவில் வரக் கூடாது. தண்ணீர்த் தொட்டி தூணின் தலைக்கு நேரே. கடைசி வரி: இதற்கு மேல் இன்னொரு தளம் எப்போதும் எடுக்கக் கூடாது. அந்தக் காகிதத்தை நான் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிட்டேன். நாளைக்கு என் பேரன் தலையெடுத்துக் காண்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

800 எங்கே, 380 எங்கே! பெரியவன் முகம் வாடிவிட்டது. "இதுல கட்டில் போட்டா பீரோவுக்கு இடமில்லம்மா" என்றான். காண்ட்ராக்டர் வேறு ஆசை காட்டினார். "இன்ஜினீயருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. ஊரெல்லாம் இப்படித்தான் எடுக்குறாங்க, என்ன விழுந்தா போச்சு? வேணும்னா முன்பக்கம் சுவர் எழுப்பாம, கீத்துக் கொட்டகை போட்டு அடுப்படியை அங்க வெச்சுக்கலாம்."

கீற்றுக் கொட்டகையில் அடுப்படி! எங்கள் ஊர்க்காரரே இதைச் சொன்னதுதான் எனக்குத் தாளவில்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதியை இந்த ஊரில் யாரால் மறக்க முடியும்? அன்றைக்குக் காசிராமன் தெருவில் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 பிஞ்சுகள் போனார்கள். அதற்கு எமனாக வந்தது கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும்தான். அன்று தெருவில் ஓடிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. "கொட்டகைப் பேச்சு என் காதுல விழக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இவர் என்னை இத்தனை வருஷத்தில் அப்படிப் பேசிப் பார்த்ததில்லை.

"என்ன விழுந்தா போச்சு" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பங்களாதேஷில் டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில், ராணா பிளாசா என்ற 8 மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24-ல் நொறுங்கி விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் துணி தைக்கிற பெண்கள். மேல் மாடிகளை அனுமதி இல்லாமல் ஏற்றியிருந்தார்கள். முதல் நாளே விரிசல் கண்டு கீழே இருந்த கடைகளையும் வங்கியையும் மூடிவிட்டார்கள். தையல்காரப் பெண்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வா என்று கூப்பிட்டார்கள். பெரியவன் இதைத் தன் போனில் தேடிப் படித்துவிட்டு, மறுநாள் காலையில் அவனாகவே வந்து, "380 போதும்மா" என்றான்.

மருமகளாக வரப்போகிற பெண் தன் தாயாரோடு இடத்தைப் பார்க்க வந்தாள். "மேல தனியா அடுப்படி எதுக்கு அத்தை? கீழேயே சேர்ந்து சமைச்சுக்கலாமே, அந்த இடத்தில பீரோ வைக்கலாம்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனால் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அடுப்பு ரெண்டு இருக்கட்டும். தினம் ஏத்தணும்னு யாரும் சொல்லலை. ராத்திரி குழந்தைக்குப் பால் காய்ச்ச படி இறங்கி வருவியா?" என்று கேட்டார். குழந்தை என்றதும் அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டாள். தனி அடுப்படி வைத்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷம் ஒரே அடுப்படியில் என்னோடு நின்றவர் சொல்கிறாரே, அவருக்குத் தெரியாததா? சமையலறை வந்தது. பீரோ கூடத்துக்கு வந்தது.

அனுமதி விஷயம். கும்பகோணம் 2021-லிருந்து மாநகராட்சி. உரிமம் பெற்ற இன்ஜினீயர் மூலம் படம் போட்டு முறையாக அனுமதி வாங்கித்தான் வேலை தொடங்கினோம். 2024-ல் தமிழக அரசு சுயசான்று முறை ஒன்றைக் கொண்டு வந்தது. கொண்டு வந்தபோது அது 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் அதன் மேல் ஒரு மாடியும் வரைதான் இருந்தது. கீழே கடையும் மேலே இரண்டாவது மாடியுமாக இருக்கும் நம் மாதிரி வீட்டுக்கு அது பொருந்தவில்லை. கோயில் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் தனி அனுமதி வேண்டும். 2010-லிருந்து சட்டம். தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயில் பக்கம் வீடு வைத்திருக்கிற என் சித்தி மகள் இது தெரியாமல் கம்பி வாங்கிப் போட்டுவிட்டு விழித்தாள். பக்கத்து வீடுகளிலும் போய் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொதுச்சுவர் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தட்டு வெற்றிலை பாக்கோடு நானே போய்ச் சொன்னேன், அதனால்தான் ஆறு மாதத் தூசியைச் சகித்தார்கள்.

ஆனி மாதம் வேலை ஆரம்பம். துருப்பிடித்த கம்பிகளை அறுத்து எறிந்துவிட்டு, தூணில் ஆழத் துளையிட்டு, தூசியை ஊதி எடுத்து, ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பிகளை நட்டார்கள். எங்கள் தெருவில் பகலில் லாரி வராது. கடை அடைத்த பிறகு இரவில்தான் சரக்கு வரும். பின்பக்கம் சாக்கடைச் சந்துதான், வழியில்லை. எல்லாம் தெருப்பக்கத்திலிருந்து கப்பியில் ஏற்ற வேண்டும்.

இங்கேதான் ஆபத்து வந்தது. ஆடி மாதம் ஓர் இரவு. காண்ட்ராக்டரின் ஆட்கள் எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டேன். பன்னிரண்டு மணி இருக்கும். மாமியார் அறையிலிருந்து "டக்"கென்று ஒரு சத்தம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி. ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். அவர் போர்வை மேலெல்லாம் சுண்ணாம்புக் காரை. "மேல யாரோ ஏதோ போட்டாங்கம்மா" என்றார் தூக்கக் கலக்கத்தில்.

மாடிக்கு ஏறிப் பார்த்தால் வயிறு கலங்கிவிட்டது. கப்பிக்குப் பக்கம் வசதி என்று, முன்பக்க மெட்ராஸ் ஒட்டின் நட்டநடுவே, ஒரு யூனிட் மணலையும் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. நாலரை டன்! நேர் கீழே என் மாமியாரின் கட்டில். அதற்கும் கீழே பாத்திரக் கடை.

மகாமகக் கூட்டத்தைத் தாங்கிய மாடிதானே என்று சொல்ல வாயெடுத்தார் காண்ட்ராக்டர். நான் பதில் பேசவில்லை. மாமியாரைக் கைத்தாங்கலாய்ப் பின்பக்கம் கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். பெரியவனும் சின்னவனும் இவரும் நானும், இரண்டு சித்தாள் பெண்களும், விடிய விடிய மூட்டை பிடித்து அந்த மணலைப் பின்பக்கம் தூணோரங்களுக்குப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோய்ப் போட்டோம், மீதியைக் கீழே இறக்கினோம். நடுவில் போகாமல் சுவரோரமாகவே நடக்கச் சொன்னேன். அந்தச் சித்தாள்களில் ஒருத்தி பிள்ளை பெற்று ஆறு மாதம்தான் ஆனவள். "அக்கா, எங்க வீட்டுல குழந்தை அழும், ஆனா இதை இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது" என்று சொல்லிக்கொண்டே சுமந்தாள். காலையில் அவளுக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன்.

மறுநாள் இன்ஜினீயர் வந்து பார்த்தார். ஒரு தேக்குக் கட்டை நீளவாட்டில் பிளந்திருந்தது. சுவருக்குள் போகிற நுனியில் கரையான் தின்ற பொள்ளல். இரும்பு முட்டு கொடுத்து, பிறகு கட்டையை மாற்றினோம். அந்தச் செலவைக் காண்ட்ராக்டர் தலையில் பாதிதான் கட்ட முடிந்தது. நம் ஒப்பந்தத்தில் அது எழுதப்படவில்லை. சகோதரிகளே, எழுதச் சொல்லுங்கள்: சரக்கு எங்கே இறக்குவது, எவ்வளவு உயரம் குவிப்பது, சேதமானால் யார் பொறுப்பு. எல்லோரும் சதுர அடி விலையைத்தான் பேசுகிறோம், இதைப் பேசுவதே இல்லை. அதன் பிறகு முன்பக்க மாடியைச் சுற்றிக் கயிறு கட்டி, நானே சாயத்தில் "சரக்கு வைக்காதே" என்று எழுதிப் போட்டேன்.

ஆவணியில் தளம் போட்டார்கள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது என் பொறுப்பு. சிமெண்டில் கலப்பு வகை என்றால் குறைந்தது 10 நாளாவது ஈரம் காயக் கூடாது. நான் 14 நாள் விட்டேன். முட்டுப் பலகையையும் இன்ஜினீயர் சொன்ன நாளில்தான் பிரிக்க விட்டேன். புரட்டாசி மழைக்கு முன் மேல்வேலை முடிந்தது. தீபாவளிக்கு முன் பதினைந்து நாள் பாத்திரக் கடைக்காரருக்காக வேலையை நிறுத்திவைத்தோம். முன்னால் சாரமும் மணலும் இருந்தால் அவருக்கு வியாபாரம் எப்படி நடக்கும்?

படிக்கட்டுக்கு இரும்புச் சுருள் படி போதும், இடம் மிச்சம் என்றார்கள். நான் மாட்டேன் என்று விட்டேன். நிறைமாதப் பெண் ஒருத்தி, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, இறங்க முடிகிற படியாக இருக்க வேண்டும். படியின் உயரம் 7 அங்குலம், கால் வைக்கிற அகலம் 10 அங்குலம், இரண்டு பக்கமும் பிடிமானம். கைப்பிடிச் சுவரை மூன்றரை அடிக்கு உயர்த்தினோம். கம்பிகளுக்கு நடுவில் 4 அங்குலத்துக்கு மேல் சந்து விடவில்லை, குழந்தை தலையை விட்டுக்கொள்ளும். குறுக்குக் கம்பியே வேண்டாம், ஏணி மாதிரி ஏறிவிடும். சுவரோரம் தொட்டி, பெஞ்சு எதுவும் வைப்பதில்லை.

கழிப்பறை கீழ்வீட்டுக் கழிப்பறைக்கு நேர் மேலே. அப்போதுதான் குழாய் நேராக இறங்கும், என்றாவது ஒழுகினாலும் சமையலறை மேல் ஒழுகாது. புது மாடியின் மழைத் தண்ணீர் பழைய ஒட்டின் மேல் கொட்டாமல், தனிக் குழாய் வைத்து நேரே கீழே மழைநீர்க் குழிக்கு விட்டோம். சுண்ணாம்புத் தளத்துக்கு ஒரே இடத்தில் தண்ணீர் கொட்டுவதுதான் எதிரி. 1,000 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு, 500 லிட்டரில் இரண்டு, தனித்தனித் தூண் தலையில்.

வெக்கைக்குத்தான் கடைசி வரை சண்டை. மேல் வீடு சித்திரையில் அடுப்பு மாதிரி ஆகும். செங்கல் ஜல்லி போட்டால் இன்னும் பாரம். அதனால் தளத்தின் மேல் மெல்லிய பூச்சும் வெள்ளைக் குளிர் ஓடும் பதித்தோம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை அடிச் சன்ஷேடு. இரண்டு பக்கமும் எதிரெதிர் ஜன்னல். வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டிருக்கிறாள் மருமகள். உண்மையைச் சொல்ல வேண்டும், கீழே மாமியார் அறையின் குளிர்ச்சி மேலே இல்லை. பகல் இரண்டு மணிக்கு மருமகள் தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுகிறாள்.

எல்லாம் சேர்த்துப் பதினோரு லட்சத்துச் சொச்சம். வங்கிக் கடன் போக, என் இரட்டை வடம் அடகில் இருக்கிறது. மீட்டுவிடலாம் என்கிறார் இவர். பார்ப்போம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் வீட்டில் தூண் இருக்கிறதா, சுவரா, மேல்தளம் மரமா கான்கிரீட்டா என்று முதலில் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய கணக்கு நோட்டோ படமோ இருந்தால் தேடுங்கள். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வாடகைக்கு விடுவதென்றால் வருகிறவர் என்னென்ன ஏற்றுவார் என்று நமக்குத் தெரியாது, கிரைண்டர் வைத்து மாவு வியாபாரமே ஆரம்பித்துவிடுவார். அதையும் இன்ஜினீயரிடம் சொல்லியே கணக்குப் போடச் சொல்லுங்கள். கட்டக் கூடாது என்று அவர் சொன்னால், கட்டாமலே விட்டுவிடுங்கள். அந்தப் பணத்துக்கு வேறு வழி யோசிக்கலாம், எனக்கு எழுதுங்கள்.

முன்பக்க மாடி இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பங்குனியில் மருமகளும் நானும் அங்கே ஜவ்வரிசி வடாம் பிழிந்தோம். மாமியாருக்குப் படியேற முடியாது, கீழே கட்டிலில் இருந்தபடியே, "நடுவுல உட்காராதீங்க, ஓரமா உட்காருங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். "சரி அப்பாயி!" என்று இவள் கத்த, இரண்டு பேரும் துணியை இழுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தோம்.